நீலமா, கருப்பா? நம் ஊர் மலை சைக்கிள் தடங்களுக்கு நிறம் கொடுக்கும் முறை

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூருக்கு ஒட்டினாற்போல ஒரு பழைய ரப்பர்க் காடு. அதில் ஏழெட்டு மலை சைக்கிள் தடங்கள். சனி, ஞாயிறுகளில் அங்கே ஓட்டும் நம் ஆட்கள், புதிதாக வருகிறவர்களுக்காக ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம் கொடுத்துப் பட்டியல் போட முடிவு செய்திருக்கிறார்கள். முதல் தடத்திலேயே தகராறு. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தடம். முக்கால்வாசி தூரம் வழுவழுவென்று போகிறது. கடைசியில் ஓடைக்கு இறங்கும் இடத்தில் வேர்ப் படிகள். அதில் ஒரு படி 12 அங்குலம், சுற்றிப் போக வழி கிடையாது. இறங்கியதும் இரண்டடி அகலத்தில் ஒரு பலகைப் பாலம். பழைய ஆட்கள் நீலம் என்கிறார்கள். அண்மையில் சேர்ந்தவர்கள் கருப்பு என்கிறார்கள். "எதை வைத்து முடிவு செய்வது அண்ணா?" என்று தம்பி கேட்டிருக்கிறார்.

புதியவர்கள் சொல்வதுதான் சரி, தம்பி. அந்த 12 அங்குலப் படியைச் சுற்றிப் போக வழியில்லை என்ற ஒன்றே போதும், உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள அளவுப்படி அந்தத் தடம் கருப்பு. பழைய ஆட்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொல்வது தங்கள் திறமையைப் பற்றி. அந்தப் படியில் இறங்கி இறங்கிப் பழகியவருக்கு முன்சக்கரம் எந்த வேரில் பட வேண்டும், பிரேக்கை எந்த இடத்தில் விட வேண்டும் என்று கையே சொல்லிவிடும். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கப் போகிறவரோ அந்தத் தடத்துக்கு முதன்முறையாக வருகிறவர். பட்டியல் அவருக்காகத்தான் போடுகிறீர்கள். ஆகவே தடத்தை அளந்து நிறம் கொடுங்கள். ஓட்டுகிறவர்களைக் கேட்டு நிறம் கொடுக்காதீர்கள். கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றை எப்படிச் செய்வது என்பதுதான்.

நிறங்கள் பனிச்சறுக்கு மலைகளிலிருந்து வந்தவை. அங்கே சரிவுகளைக் குறிக்கப் பயன்பட்ட அடையாளங்களை, 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய அனைத்துலக மலை சைக்கிள் சங்கமான இம்பா எடுத்து, சைக்கிள் தடங்களுக்கு ஏற்ற அளவுகளோடு ஒரு அட்டவணையாக்கியது. வெள்ளை வட்டம் மிக எளிது, பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கருப்பு வைரம் மிகக் கடினம், இரட்டைக் கருப்பு வைரம் கடினத்தின் உச்சம். வடிவத்தையும் சேர்த்தே பயன்படுத்துங்கள். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் உண்டு. நம் ஊர் வெயிலிலும் மழையிலும் பெயிண்ட் சீக்கிரம் வெளுத்துப் போகும்; அப்போதும் சதுரம் சதுரமாகத்தான் இருக்கும்.

அந்த அட்டவணை பார்ப்பது நான்கு விஷயம்: தடத்தின் அகலம், தரையின் தன்மை, சரிவு, தடைகளின் உயரம். பச்சைக்கு அகலம் குறைந்தது 36 அங்குலம், நீலத்துக்கு 24, கருப்புக்கு 12, இரட்டைக் கருப்புக்கு 6. தரை பச்சையில் கெட்டியாக, அசையாமல் இருக்க வேண்டும். நீலத்தில் பெரும்பாலும் கெட்டி, அங்கங்கே மாறலாம். கருப்பில் எப்படி வேண்டுமானாலும் மாறும். இரட்டைக் கருப்பில் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கவே முடியாது. சராசரிச் சரிவு பச்சையில் 5 விழுக்காடு, நீலத்தில் 10, கருப்பில் 15 வரை. தவிர்க்க முடியாத தடையின் உயரம் பச்சையில் 2 அங்குலம், நீலத்தில் 8, கருப்பில் 15. அதற்கு மேலே போனால் இரட்டைக் கருப்பு. உங்கள் தடத்தின் 12 அங்குலப் படி எங்கே விழுகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? பாலம் நீலத்துக்குள் அடங்கும், 24 அங்குலம் இருந்தால் போதும். அகலமும் சரிவும் நீலத்துக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் தவிர்க்க முடியாத அந்த ஒரே படி தடம் முழுவதையும் கருப்புக்குத் தூக்கிவிடுகிறது.

8 அங்குலம் என்ற கோடு சும்மா போட்டதல்ல. அந்த உயரம் வரை, முன்சக்கரத்தைக் கொஞ்சம் லேசாக்கினாலே சைக்கிள் தானே ஏறி இறங்கிவிடும். அதற்கு மேலே போகப் போக, குறுக்கே கிடக்கும் மரத்தில் செயின்ரிங் (மிதியோடு சேர்ந்த பல் சக்கரம்) இடிக்கத் தொடங்கும். இறங்கும்போது முன்சக்கரம் கீழே போக, உடம்பு ஹேண்டிலுக்கு மேலே சாயும். அங்கே முன்பிரேக்கைப் பிடித்தவர் தலைகீழாகப் போவார். இடுப்பைப் பின்னால் கொண்டுபோகவும், பிரேக்கைச் சரியான நொடியில் விடவும் தெரிந்திருந்தால்தான் தப்பலாம். ஆக அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர் பொறுமையாக ஓட்டினால் சமாளிப்பார். அந்தப் பக்கம் போக வேண்டுமானால் ஒரு வித்தையைக் கற்றிருக்க வேண்டும்.

வேறு முறைகளும் உண்டு, கலந்துவிடாதீர்கள். பிரிட்டனில் நீலத்துக்கும் கருப்புக்கும் நடுவில் சிவப்பு இருக்கிறது. நியூசிலாந்தில் 1 முதல் 6 வரை எண். ஆல்ப்ஸ் மலைப் பக்கம் எஸ்0 முதல் எஸ்5 வரை. கோலாலம்பூரில் எல்லா நாட்டுக்காரர்களும் ஓட்டுகிறார்கள். யாராவது ஒருவர் "இதை எங்கள் ஊரில் சிவப்பு என்போம்" என்பார். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பட்டியலில் ஒரே முறை இருக்கட்டும். தடங்களை வரைபடத்தில் காட்டும் டிரெயில்ஃபோர்க்ஸ் செயலியில் பெரும்பாலோர் பார்ப்பது பச்சை, நீலம், கருப்பு என்பதால் அதையே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, மூச்சு வாங்குவதை நிறத்தில் சேர்க்காதீர்கள். நம் கூட்டங்களில் அதிகம் நடக்கும் குழப்பம் இதுதான். பினாங்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்குப் போகும் ஜீப் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 700 மீட்டர் ஏறுகிறது. தொடையும் நெஞ்சும் வெடிக்கும். ஆனால் அது போட்ட சாலை. கைக்கோ சமநிலைக்கோ அங்கே சோதனையே இல்லை. கெப்போங்கில் ஃபிரிம் எனப்படும் வன ஆராய்ச்சிக் கழகத்தின் காட்டில் எல்லாரும் பயந்து பேசும் ஸ்டீராய்டு ஹில் ஏற்றமும் ஏறக்குறைய அப்படித்தான். இவற்றுக்குக் கருப்பு கொடுத்தால், வேர்ப் படிக்குக் கொடுக்கும் கருப்புக்கு மதிப்புப் போய்விடும். நிறம் தொழில்நுட்பக் கடினத்துக்கு மட்டும். தூரம் எத்தனை கிலோமீட்டர், மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று பக்கத்தில் இரண்டு எண் போட்டுவிடுங்கள். தன் மூச்சு எவ்வளவு தாங்கும் என்று அவரவருக்குத் தெரியும்.

இனி அளப்பது. சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு நடந்து போங்கள். ஓட்டும்போது கண் பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும். காலடியில் இருப்பது தெரியாது. கையில் ஓர் அளவு நாடா, இரண்டு மீட்டர் நேரான மூங்கில் கம்பு, போன், எழுதிக்கொள்ள ஏதாவது. சரிவை அளக்க, கம்பைத் தடத்தின் நீளவாக்கில் தரையில் கிடத்தி, அதன்மேல் போனை வைத்து மட்டம் பார்க்கும் செயலியைத் திறக்க வேண்டும். கம்பு இல்லாமல் போனை நேரே மண்ணில் வைத்தால் ஒரு கூழாங்கல்லின் சரிவைத்தான் அளப்பீர்கள். செயலி பாகையில் காட்டும், அட்டவணை விழுக்காட்டில் இருக்கும், இரண்டும் ஒன்றல்ல. 45 பாகை என்றால் 100 விழுக்காடு. 15 விழுக்காடு என்பது வெறும் எட்டரைப் பாகை. "20" என்று செயலி காட்டியதை அப்படியே 20 விழுக்காடு என்று எழுதினால் தப்பு. 20 பாகை என்பது 36 விழுக்காடு. ஜி.பி.எஸ் கொடுக்கும் சரிவை நம்ப வேண்டாம். அடர்ந்த மரத்துக்கடியில் அது பத்து மீட்டர் இங்கும் அங்கும் தாவும். கோணலான ஒற்றையடிப் பாதையில் அந்தப் பிழை சரிவையே மாற்றிவிடும். மொத்த ஏற்ற இறக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கடிகாரமாக இருந்தால்.

அகலத்தைத் தரையில் மட்டும் பார்த்தால் போதாது. இப்போது வரும் சைக்கிள்களின் ஹேண்டில்பார் 76 முதல் 80 சென்டிமீட்டர் வரை இருக்கிறது. தரையில் பாதை மூன்றடி இருக்கலாம். ஹேண்டில்பார் உயரத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே 85 சென்டிமீட்டர்தான் இருந்தால், வேகமாக வருகிறவரின் விரல் மரத்தில் மாட்டும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"தவிர்க்க முடியாத" என்பதில் கண்டிப்பாக இருங்கள். தடத்தை விட்டுவிடாமல், சைக்கிளை விட்டு இறங்காமல், சுற்றிப் போக வெளிப்படையான வழி இருந்தால்தான் அது தவிர்க்கக்கூடிய தடை. "இடது பக்கம் புதருக்குள் ஒரு லைன் இருக்கு, தெரிஞ்சவன் போவான்" என்பது கணக்கில் வராது. புதியவர் தடைக்கு ஐந்து ஆறு மீட்டர் முன்னாலேயே அந்த மாற்று வழியைப் பார்க்க முடிய வேண்டும். பார்க்க முடியாத மாற்று வழி இல்லாத வழிக்குச் சமம். இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமே என்ற வாதமும் எழும். தள்ளிக்கொண்டு போகலாம்தான், ஆனால் இறங்க வேண்டும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வளைவு திரும்பியதும் திடீரென்று படி வந்தால் இறங்க நேரம் இருக்காது. அட்டவணையில் ஒரு சலுகை உண்டு: கருப்புத் தடத்தில் சிறு பகுதிகள் அளவை மீறியிருக்கலாம். அந்தச் சலுகையைப் பச்சைக்கும் நீலத்துக்கும் இழுத்துக்கொண்டு வராதீர்கள். தன்னால் முடியும் என்று நம்பித்தான் ஒருவர் நீலத்துக்குள் நுழைகிறார்.

உங்கள் தடத்தை நீலமாக்கவே வேண்டுமென்றால் அதற்கு ஒரு நேர்மையான வழி இருக்கிறது. ஓடைக்கு இறங்கும் இடத்தில் பக்கவாட்டாகச் சரிவை வெட்டி, இரண்டு வளைவில் மெதுவாக இறங்கும் மாற்றுப் பாதை போடுங்கள். பழையவர்களுக்கு அந்தப் படி அப்படியே இருக்கும், புதியவர்களுக்கு வழியும் கிடைக்கும். மாற்றுப் பாதையின் சரிவு, அந்தக் குன்றுச் சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது. போனால் மழைத் தண்ணீர் பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும், ஓராண்டில் அங்கேயும் ஒரு படி உருவாகிவிடும்.

இப்போது வேருக்கு வருகிறேன். நம் ஊர்த் தடங்களின் உயிரே அதில்தான் இருக்கிறது, வெளிநாட்டு அட்டவணை கோட்டை விடுவதும் அங்கேதான்.

புக்கிட் கியாரா உட்பட, கோலாலம்பூரைச் சுற்றி நாம் ஓட்டும் பல குன்றுகள் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். அங்கே பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தாத்தா பாட்டிமார்தான். ரப்பர் மரத்தின் பக்க வேர்கள் தரைக்கு மிக அருகிலேயே ஓடும். மேல் மண் மழையில் கரையக் கரைய வேர்கள் முதுகு காட்டும். கீழே இருக்கும் செம்மண் களி கலந்தது. காய்ந்தால் சிமெண்டு மாதிரி இருக்கும், நனைந்தால் டயர்ப் பல்லுக்குள் புகுந்து டயரையே வழுக்குக் கட்டையாக்கிவிடும்.

அட்டவணை வேரின் உயரத்தைத்தான் கேட்கிறது. நம் தடங்களில் உயரத்தைவிட வேர் கிடக்கும் கோணம் முக்கியம். உட்கார்ந்து பாருங்கள். தடத்துக்குச் சரியாகக் குறுக்கே ஒரு வேர் கிடக்கிறது. நாலு அங்குலம் இருந்தாலும் டயர் நேரே மோதி ஏறித் தாண்டிவிடும். அதே வேர் சாய்வாக, தடத்தோடு கத்தரி மாதிரி கிடந்தால் டயர் ஏறாது, வேரோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே போகும். வேர் காலால் தேய்ந்து பட்டை உரிந்து பளபளப்பாக இருந்தால் இன்னும் மோசம். தடமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், முன்சக்கரம் சாய்ந்த பக்கம் போய்விடும், ஓட்டுகிறவர் தோள்பட்டையில் விழுவார். நனைந்த நாளில், சாய்வாகக் கிடக்கும் ஓர் இரண்டு அங்குல வேர், நேராகக் கிடக்கும் எட்டு அங்குலக் கட்டையைவிடக் கடினம். எனவே நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி இது: சரிவான இடத்தில், சாய்வான வேர்கள் மூன்று நான்கு தொடர்ந்து வந்து, நடுவே சக்கரத்துக்கு மண் கிடைக்காவிட்டால், நாடா என்ன சொன்னாலும் அந்தப் பகுதியை ஒரு படி உயர்த்து. இது அட்டவணையில் இல்லை. நம் காட்டுக்கு வேண்டும்.

வேரை அளக்கும்போது இலைகளை ஒதுக்கிவிட்டு அளங்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரம் இலை கொட்டும். அப்போது தடம் மெத்தை விரித்ததுபோல் அழகாக இருக்கும், வேர் ஒன்றுகூடக் கண்ணில் படாது. கொட்டை உதிரும் நாட்களில் இன்னொரு தொல்லை: கெட்டித் தரையில் ரப்பர்க் கொட்டைகள் டயருக்கடியில் உருளும். இதற்காக நிறத்தை மாற்றத் தேவையில்லை, குறிப்பில் ஒரு வரி எழுதினால் போதும்.

மழையை மட்டும் ஒரு வரியில் முடிக்க முடியாது. ஆல்ப்ஸ் எஸ் முறையில் ஈரம், இருட்டு போன்ற மாறக்கூடிய விஷயங்களைச் சேர்ப்பதில்லை. நல்ல வானிலையில் தடம் எப்படி இருக்கிறது என்பதற்கே தரம். அங்கே அது பொருந்தும். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏப்ரலையும் அக்டோபர், நவம்பரையும் ஒட்டிய மாதங்களில் மாலை இடிமழை ஏறக்குறைய தினப்படி. வெயில் இறங்காத மரத்துக்கடியில் மண் காய ஒரு நாள் போதாது. வெறும் காய்ந்த நிலையை வைத்து நிறம் கொடுத்தால், ஆண்டில் பாதி நாள் பட்டியல் பொய் சொல்லும். எப்போதும் ஈரமாகவே இருக்கும் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு படி உயர்த்தினாலும் பயனில்லை, ஏனென்றால் எல்லாத் தடமும் மழையில் ஒரே மாதிரி மாறுவதில்லை. கல்லும் மணலும் கலந்து, தண்ணீர் வடியும்படி வெட்டிய தடம் மழை விட்ட ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். களிமண்ணில் வேர் நிறைந்த இறக்கம் நீலத்திலிருந்து கருப்புக்குத் தாவும். சரிவோடு நேராக இறங்கும் தடம் தண்ணீரோடு சேர்ந்து ஓடும்.

அதனால் ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு நிறம் எழுதுங்கள். முதலாவது, மழை பெய்து ஒன்றிரண்டு நாள் ஆன சாதாரண நிலைக்கு. இரண்டாவது, மழை விட்டு மண் இன்னும் ஈரமாக இருக்கும் நிலைக்கு. இரண்டாவதை ஊகித்து எழுதக் கூடாது. மழைக்கு மறுநாள் காலையில் ஒரு முறை நடந்துதான் ஆக வேண்டும். "நீலம், மழையில் கருப்பு" என்று படித்தவர் போன மாலை மழை பெய்ததா என்று யோசித்துவிட்டுத்தான் கிளம்புவார். சில தடங்களுக்கு இரண்டாவது இடத்தில் நிறத்துக்குப் பதிலாக "மழையில் ஓட்ட வேண்டாம்" என்றே எழுதலாம். அது ஓட்டுகிறவருக்காக மட்டும் இல்லை. நனைந்த களிமண்ணில் டயர் போட்ட பள்ளம் காய்ந்து அப்படியே நிற்கும், அடுத்த மழையில் தண்ணீர் அதில்தான் ஓடும். புக்கிட் கியாராவில் டிராக்ஸ் அமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர்கள் மண்வெட்டியும் கையுமாகச் சீர் செய்து காப்பாற்றிய தடங்களை ஓட்டிப் பார்த்தவருக்கு, ஒரு தடத்தை நல்ல நிலையில் வைத்திருக்க எத்தனை பேருடைய உழைப்பு வேண்டும் என்பது தெரியும்.

விழுந்தால் என்ன ஆகும் என்பது அடுத்தது. அட்டவணையின் நான்கு அளவுகளில் இது நேரடியாக இல்லை, ஆனால் பள்ளத்தின் ஆபத்து, வளைவின் இறுக்கம் போன்றவற்றையும் யோசித்து முடிவெடுக்கச் சொல்கிறார்கள். ஒன்றரை அடி அகல ஒற்றையடிப் பாதை சமவெளியில் போனால் தவறுகிறவர் லாலாங் புல்லில் கால் ஊன்றுவார். அதே அகலம் ஓடைக்கரையில் மூன்று மீட்டர் பள்ளத்தை ஒட்டிப் போனால், கால் ஊன்ற இடமே இல்லை. நாடாவுக்கு இரண்டும் ஒன்று. நான் நிறத்தை மாற்றாமல், பள்ளம் உள்ள தடத்துக்கு ஓர் ஆச்சரியக்குறி போட்டு, எந்தப் பக்கம் பள்ளம் என்று எழுதுவேன். நிறத்தை உயர்த்தினால் அங்கே வேரோ படியோ இருக்கும் என்று எதிர்பார்த்துப் போவார், பள்ளத்தைக் கவனிக்க மாட்டார். பிரம்பு முள் தொங்கும் இடங்களையும் இப்படியே குறிக்கலாம். கண்ணாடி போடாமல் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உள்ளூர்த் தடங்களோடு ஒப்பிட்டுத் தரம் கொடு, தனியாக எடுத்து மதிப்பிடாதே என்பதும் இம்பாவின் வழிகாட்டல்தான். இதைத்தான் பழைய ஆட்கள் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வார்கள்: "கியாராவில் வேர் இல்லாத தடம் ஏது? அப்ப எல்லாமே கருப்பா?" கேள்வி நியாயமானது. என் முடிவு இது: வெள்ளை, பச்சை இரண்டும் ஊருக்கு ஊர் மாறக் கூடாது. சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பிள்ளையோடு வரும் ஒரு தாய்க்குப் பச்சை என்றால் புத்ராஜெயாவிலும் அதேதான், கியாராவிலும் அதேதான் இருக்க வேண்டும். நம் காட்டில் பச்சைத் தகுதியுள்ள தடம் ஒன்றுமே இல்லையென்றால், "இங்கே பச்சை இல்லை" என்று பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள். இருப்பதிலேயே சுலபமானதற்குப் பச்சை என்று பெயர் வைத்துவிடாதீர்கள். நீலத்துக்கும் கருப்புக்கும் நடுவில், அளவு எல்லைக்கோட்டில் நிற்கும்போது மட்டும் ஒப்பீட்டைப் பயன்படுத்துங்கள். எல்லாரும் சந்தேகமில்லாமல் நீலம் என்று ஒப்புக்கொள்ளும் ஒரு தடத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு, "இது அதைவிடக் கடினமா?" என்று கேட்டால் பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும்.

அளக்கப் போகிறவர்கள் மூன்று பேர் இருந்தால் நல்லது. அதில் ஒருவராவது அந்தத் தடத்துக்குப் புதியவராக, நடுத்தரத் திறமை உள்ளவராக இருக்க வேண்டும். தடத்தை வெட்டியவர் வழிகாட்டலாம், நிறம் சொல்ல வேண்டாம். தன் கையால் வெட்டியதை வெளியாள் கண்ணோடு பார்ப்பது யாருக்கும் சிரமம். மூவரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் எழுதிவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால், மிகக் கடினம் என்று எழுதியவரை அந்த இடத்துக்கே கூட்டிப் போய்க் காட்டச் சொல்லுங்கள். மற்ற இருவர் கவனிக்காத ஒரு வேரையோ, குருட்டு வளைவையோ பெரும்பாலும் அவர் பார்த்திருப்பார்.

எந்த சைக்கிளை மனதில் வைத்து எழுதுவது என்பதும் வரும். 160 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், 29 அங்குலச் சக்கரம், இருக்கையை ஒரு பொத்தானில் இறக்கும் டிராப்பர் போஸ்ட் எல்லாம் இருந்தால் கருப்பும் நீலம்போல் தோன்றும். புதிதாக வருகிறவர் பெரும்பாலும் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயிலில் வருவார். அதை வைத்து எழுதுங்கள்.

திசையையும் மறக்க வேண்டாம். ஏறும்போது பச்சையாக இருக்கும் தடம் இறங்கும்போது கருப்பாகலாம், தலைகீழாகவும் நடக்கும். நம் பக்கத்துக் குன்றுகளில் காலையில் நடக்க வருகிறவர்கள், நாயோடு வருகிறவர்கள் எல்லாரும் அதே தடத்தில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு நிறத்தின் பக்கத்திலும் எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு என்று எழுதுங்கள். எதிரே வருகிறவரைப் பார்க்க முடியாத வளைவு இருந்தால் அதையும் குறியுங்கள். அங்கே சைக்கிள்தான் நிற்க வேண்டும்.

பலகை நடுவதற்கு முன் நிலம் யாருடையது என்று கேட்டுவிடுங்கள். வனப் பாதுகாப்பு நிலமாக இருந்தால் 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் பொருந்தும், மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். ஃபிரிம் வளாகத்துக்குத் தனி விதிகள். தனியார் நிலமென்றால் இன்னும் கவனம். அனுமதி கிடைக்கும்வரை பட்டியலை உங்கள் வாட்ஸ்அப் குழுவோடு வைத்துக்கொள்ளலாம். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம், பட்டையில் பெயிண்டும் வேண்டாம்.

பட்டியலில் ஒவ்வொரு தடத்துக்கும் அளந்த தேதி கட்டாயம் இருக்கட்டும். நம் மழையில் தடம் ஒரே நிலையில் நிற்காது. போன ஆண்டு நான்கு அங்குலமாக இருந்த வேர், கீழ் மண் கரைந்து இந்த ஆண்டு எட்டைத் தாண்டியிருக்கும். மரம் விழும், பாலப் பலகையில் கரையான் ஏறும். பெருமழை மாதங்கள் முடிந்ததும் ஆண்டுக்கு இரண்டு முறை, நீல எல்லையில் நிற்கும் தடங்களை மட்டுமாவது மறுபடி நடந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கருப்புத் தடம் ஒவ்வொன்றிலும் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களின் வரைபட ஆயத்தொலைவுகளைப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள். சிக்னல் எங்கே கிடைக்கிறது, எங்கே கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். கையை உடைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே கிடக்கும்போது, 999-க்கு அழைப்பவர் "ரப்பர்க் காட்டுக்குள்ளே, ஓடைக்குப் பக்கத்தில்" என்று சொன்னால் போம்பா (தீயணைப்பு, மீட்புப் படை) ஆட்களுக்கு எந்தப் பக்கமாக நுழைவது என்றே தெரியாது. வண்டி எதுவரை வரும், அங்கிருந்து நடந்து எத்தனை நிமிடம் என்பதை நீங்கள் அளக்கும் அன்றே குறித்துக்கொண்டால் தனியாக இன்னொரு நடை தேவைப்படாது.